ஸ்ரீரங்கம் மாடி வீட்டுப் பாட்டு வகுப்பு: நோட்டைப் பார்க்காமல் பாட ஆசைப்படுகிறவர்களுக்கு

திருச்சியில் வயது வந்தபின் பாட்டு கற்றுக்கொள்ள இடம் தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சர்டிபிகேட் தருவாங்களா? எத்தனை மாசத்துல கீர்த்தனைக்கு வரலாம்?" என்பதுதான். இந்த இரண்டும் முக்கியம் என்றால் நான் எழுதப்போகும் வகுப்பு உங்களுக்குச் சரிப்படாது. புத்தகம், நோட்டு, போன் எதையும் பார்க்காமல் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து, பாட்டில் இருப்பது கேட்கிறவர்களுக்குப் போய்ச் சேரும்படி பாட வேண்டும் என்ற ஆசை இருந்தால், திருச்சிக்குள் இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை.

சித்திரை வீதியில் ஒரு பழைய வீட்டின் மாடி. பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சி வானொலியிலும் பாடியவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. வீதியில் "பாட்டு டீச்சர் வீடு" என்று கேட்டால் காட்டுவார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த வகுப்பு எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்பது புரியும். நான் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் டெக்னீஷியன். சின்ன வயதிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறேன். எங்கள் ஆராதனையில் பாமாலையும் கீர்த்தனையும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவோம். பாட்டின் எண்ணைச் சொன்னதும் நூறு பேர் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் எனக்குப் பழகியது, பிடித்ததும்கூட. சபையார் எல்லோரும் சேர்ந்து பாடுகிற இடத்தில் புத்தகம் வேண்டும். ஆனால் தனியாக ஒருவர் எழுந்து பாடும்போதும் தலை புத்தகத்துக்குள்ளேயே கவிழ்ந்திருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில் ஒரு ஆள் தன் ஆண்டவரிடம் நேருக்கு நேர் பேசுகிறார். அதைத் தாளைப் பார்த்துச் சொல்வது சரியாகப் படவில்லை.

இதற்கு முன் வேறொரு இடத்தில் சேர்ந்திருந்தேன். அங்கே பாடத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் சாகித்யமும் (பாட்டு வரிகளும்) சுரமும் வந்துவிடும். எல்லோரும் போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பாடுவார்கள், ஆசிரியரும் அப்படியே. மாதத்துக்கு மூன்று கீர்த்தனை "முடிந்துவிடும்". போன் சார்ஜ் தீர்ந்தால் மூன்றும் போய்விடும். அங்கே பாடியவர்களின் குரலில் குறையே இல்லை. பாட்டு அவர்களுக்குள் இறங்க யாரும் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சித்திரை வீதி மாடியில் முதல் பாடத்திலேயே நடைமுறை வேறு. எல்லோரும் பாய்விரித்துத் தரையில் உட்கார வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்கு ஜன்னலோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. ஆதார சுரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டி ஓடுகிறது. டீச்சர் பல்லவியின் முதல் வரியை, சங்கதி (ஒரே வரியைச் சற்று மாற்றி விரித்துப் பாடும் வகை) எதுவும் இல்லாமல், கையில் தாளத்தோடு பாடுவார். நாம் திரும்பப் பாட வேண்டும். சரியாக வந்த பிறகுதான் இரண்டாவது சங்கதி. அது மனதில் நின்ற பிறகு முதலிலிருந்து இரண்டையும் சேர்த்து. மூன்றாவது வந்ததும் மறுபடி முதலிலிருந்து. இப்படிக் கல்மேல் கல்லாக அடுக்கிக்கொண்டு போவதால், பல்லவி முடியும்போது சங்கதிகளின் வரிசை தானாக நாக்கில் இருக்கும். எது முன், எது பின் என்ற தடுமாற்றமே வராது. முன்சங்கதியிலிருந்து எந்த ஒரு பிடி (சின்னச் சுரத்தொடர்) விரிந்து அடுத்த சங்கதி ஆனது என்பதைக் காது கண்டுபிடித்துவிடுகிறது.

இத்தனைக்கும் நோட்டு கூடாது என்பவர் அல்ல. நோட்டு கட்டாயம் வேண்டும், ஆனால் கடைசியில். பாடம் மனதில் நின்ற பிறகு வீட்டுக்குப் போய், யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல், பாட்டை நினைவிலிருந்து எழுதிக்கொண்டு வர வேண்டும். சாகித்யம், அதன்மேல் சுரம், தாளக் கோடுகள். "எழுதிவச்சு மனப்பாடம் பண்றது வேற, தம்பி. மனசுல நின்னதை எழுதுங்க. எங்க பேனா நிக்குதோ அங்கதான் பாட்டுல ஓட்டை." அடுத்த வகுப்பில் அந்த நோட்டைச் சிவப்பு மையால் திருத்துவார். என் நோட்டில் சிவப்பு அதிகம் விழுவது எப்போதும் சரணத்தின் நடுவில். எல்லோருக்கும் அங்கேதான் விழும் என்பார். ஆரம்பமும் முடிவும் ஒட்டிக்கொள்ளும், நடுவில்தான் நழுவும். அதற்காகவே அவர் எந்தப் பாட்டையும் எப்போதும் பல்லவியிலிருந்தே ஆரம்பிக்க விடமாட்டார். "சரணம் ரெண்டாவது வரி, எடுங்க" என்பார். முதல் தடவை கை நடுங்கும். பிறகு பாட்டுக்குள் நுழைய ஒரே வாசல் என்பது போய், பல வாசல் வந்துவிடும்.

அலமாரியில் 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற, பாட்டுகளைச் சுரத்தோடு எழுதிய நூலின் பதிப்பு இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைப் பாடம் செய்த பிறகு அதைத் திறந்து, நாம் பாடுவதை அதில் உள்ள கமகக் குறிகளோடு (சுரத்தை எப்படி அசைப்பது என்ற குறிகளோடு) ஒப்பிட்டுக் காட்டுவார். எழுதி வைத்தவர்கள்மேல் அவருக்கு மரியாதை அதிகம். காது முதலில், கண் பிறகு என்ற வரிசையை மட்டும் மாற்ற விடமாட்டார்.

இனி பாவம், அதாவது பாட்டின் உணர்ச்சி, என்கிற விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான இடங்களில் "பாவத்தோட பாடுங்க" என்று சொல்வார்கள், எப்படி என்று சொல்ல மாட்டார்கள். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி, குரலைக் குழைப்பார்கள். இந்த டீச்சர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் கேட்பது வேறு: "இது யார் யார்கிட்ட சொல்றது? அவர் எங்க நிக்கிறார்?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் வராமல் அடுத்த வரி கிடையாது.

நான் அங்கே கற்ற இரண்டு பாட்டுகளை வைத்து இதைச் சொல்கிறேன். ஒன்று தியாகராஜரின் 'நிதி சால சுகமா', கல்யாணி ராகம். இன்னொன்று கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் வரும் 'வருகலாமோ', மாஞ்சி ராகம். இரண்டும் மிஸ்ர சாபு தாளம். மூன்றும் நான்குமாக ஏழு, தகிட தகதிமி. இரண்டுமே கேள்வி கேட்கிற பாட்டுகள். டீச்சர் வேண்டுமென்றேதான் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லித் தருகிறார்.

'நிதி சால சுகமா' தெலுங்கு. எனக்குத் தெலுங்கு தெரியாது. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் தந்த பொருளையும் அழைப்பையும் தியாகராஜர் மறுத்தபோது பிறந்த பாட்டு என்று வழிவழியாகச் சொல்வார்கள். டீச்சர் முதலில் பாட்டைப் பாடவே இல்லை. வரிகளைத் தாளத்தில் பேசினார், எங்களையும் பேசவைத்தார். செல்வம் சுகமா, ராமனின் சன்னிதியில் சேவை செய்வது சுகமா? இது பல்லவி. தயிரும் வெண்ணெயும் பாலும் ருசியா, தாசரதியை, அதாவது ராமனை, தியானித்துப் பாடும் அமுதம் ருசியா? இது அனுபல்லவி. இரண்டிலும் உலகத்துப் பொருள் முதலில் வருகிறது, பக்தி பிறகு வருகிறது. சரணத்துக்குப் போனால் வரிசை திரும்பிவிடுகிறது. தமம், சமம் (புலனடக்கம், மன அடக்கம்) என்கிற கங்கையில் குளிப்பது சுகமா, சேறான சிற்றின்பக் கிணற்றில் குளிப்பது சுகமா? இங்கே நல்லது முதலில், மட்டமானது பிறகு. அடுத்த வரியில் மறுபடி பழைய வரிசை: பற்றில் கட்டுண்ட மனிதரைத் துதிப்பது சுகமா, இறைவனைப் பாடுவது சுகமா?

"இதை யாராவது கவனிச்சீங்களா?" என்று கேட்டார். யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் பல வருடங்களாகக் கேட்ட பாட்டு அது. எல்லா முதல் பாதியையும் ஒரே குரலில், எல்லா இரண்டாம் பாதியையும் ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தோம். கங்கைக்கும் பணத்துக்கும் ஒரே குரல். வரிசை எங்கே திரும்புகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் சரணம் யாருக்கும் மறக்கவில்லை. அதே இடத்தில்தான் பாட்டின் உணர்ச்சியும் திரும்புகிறது. மறக்காமல் இருப்பதற்கு ஒரு பயிற்சி, உணர்ந்து பாடுவதற்கு வேறொரு பயிற்சி என்று இரண்டு இல்லை என்பதை நான் அந்த ஒரு சரணத்தில் கற்றேன். பற்றில் கட்டுண்ட மனிதரைச் சொல்லும் அந்த 'மமதா பந்தன' வரியை எல்லோரும் நிரவலுக்கு (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவதற்கு) எடுப்பார்களே, அது ஏன் அந்த வரி என்பதும் அப்போதுதான் புரிந்தது. பாட்டு பிறந்த காரணமே அந்த வரியில்தான் இருக்கிறது.

எனக்கு இன்னொரு சந்தோஷம் உண்டு. தியாகராஜர் மறுத்ததாகச் சொல்லப்படும் அதே சரபோஜியும், எங்கள் வேதநாயகம் சாஸ்திரியாரும், தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர்கள். சாஸ்திரியார் 1774-ல் பிறந்தவர், தியாகராஜரைவிட ஏழு வயது இளையவர். காவிரிக் கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு பேரும் பாட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். இதை டீச்சரிடம் சொன்னபோது, "அப்ப உங்க பாட்டு ஒண்ணு பாடுங்க, கேப்போம்" என்றார். அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

'வருகலாமோ' வேறு மாதிரி. தியாகராஜர் கேட்கும் கேள்விக்குப் பதில் அவருக்கே தெரியும். அதனால் அதில் ஒரு நிமிர்வு உண்டு. நந்தனார் கேட்கும் கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியாது. சாதியால் ஒதுக்கப்பட்ட சிவபக்தர் அவர். தில்லைக்கு (சிதம்பரத்துக்கு) வந்துவிட்டார், உள்ளே போக முடியாது, எல்லையில் நின்றுகொண்டு வரலாமா என்று கேட்கிறார். இந்தப் பாட்டை எடுத்த அன்று டீச்சர் வழக்கம்போல, "அவர் எங்க நிக்கிறார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சொன்னேன்: என் தாத்தா தன் ஊர்க் கோயில் வாசலைத் தாண்டியதே இல்லை, தாண்ட விட்டதில்லை. தேர் வரும்போது எந்த மரத்தடியில் நிற்பார் என்று எங்கள் அப்பா எனக்குக் காட்டியிருக்கிறார். டீச்சர் தாளத்தை நிறுத்தினார். "அப்ப உங்களுக்கு இந்தப் பாட்டு தெரியும், தம்பி. நான் சங்கதி மட்டும் சொல்லித் தரேன்" என்றார்.

சங்கதி சொல்லித் தந்த விதத்தையும் எழுத வேண்டும். மாஞ்சிக்கும் பைரவி ராகத்துக்கும் சுரங்கள் ஒன்றுதான், பிடிகளும் நடையும்தான் வேறு. மாஞ்சிக்கு விளம்பம்தான், அதாவது மெதுவான நடைதான், உயிர். கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் நிமிர்ந்து பாடினாலே பைரவி வந்து நின்றுவிடும். "பைரவி உள்ள போயிடும். இவர் வெளியில நிக்கிறவர்" என்பார் டீச்சர். இலக்கண விளக்கம் அவ்வளவுதான், ஆனால் அதற்குப் பிறகு என் குரல் பைரவிக்குத் தாவவில்லை. ஒவ்வொரு முறை பல்லவிக்குத் திரும்பும்போதும் அந்த முதல் வார்த்தையை ஒரே மாதிரி பாடக் கூடாது என்பது அடுத்த பாடம். முதலில் தயக்கம். சரணத்தில் தன் ஆசையைச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது கெஞ்சல். கடைசித் தடவை, பதில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்டே தீருவேன் என்ற உறுதி. இதற்காகக் குரலைக் கூட்டவோ அழவோ சொல்லவில்லை. மூச்சை எங்கே எடுப்பது என்பதை மட்டும் மாற்றினார். தயக்கத்தில் வார்த்தைக்கு முன் ஒரு மூச்சு. கெஞ்சலில் சரணத்தின் கடைசி எழுத்திலிருந்து மூச்சே விடாமல் பல்லவிக்குள் நுழைவது. கேட்டுப் பாருங்கள், அத்தனையும் மாறிவிடுகிறது. புத்தகத்தில் கண் இருந்தால் இதைச் செய்ய முடியாது. அடுத்த வரியைத் தேடுகிற கண்தான் மூச்சு எடுக்கும் இடத்தையும் தீர்மானிக்கும்.

பயிற்சி முறைகளில் எனக்கு அதிகம் பயன்பட்டவை: வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் முனகுவது, மெட்டு இல்லாமல் வார்த்தையை மட்டும் தாளத்தில் பேசுவது, பாடிக்கொண்டிருக்கும்போது டீச்சர் சொடுக்கினால் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் தொடர்ந்து அடுத்த சொடுக்கில் சரியான இடத்தில் சத்தமாகச் சேர்வது. கடைசியாகச் சொன்னது கடினம். இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கழித்து ஐந்து பேரும் ஒரே எழுத்தில் வந்து இறங்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒர்க் ஷாப்பில் வேலை செய்துகொண்டே மனதுக்குள் பாடிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

மறந்துபோனால் என்ன செய்வது என்பதையும் பாடமாகவே வைத்திருக்கிறார். வேறெங்கும் இதைச் சொல்லித் தந்து நான் பார்க்கவில்லை. வருட முடிவில் ஒரு சின்ன ஹாலில், மிருதங்கம் வயலினோடு, ஒவ்வொருவரும் பத்துப் பதினைந்து நிமிஷம் பாட வேண்டும். தாள் கிடையாது, போன் கிடையாது. அதற்கான விதிகள்: முகத்தில் காட்டாதே, கையில் தாளம் நிற்கக் கூடாது, பக்கவாத்தியத்தைப் பார்த்து மன்னிப்பு கேட்காதே, கடைசியாகப் பாடிய வரியை இன்னொரு தடவை எடு. மிருதங்கம் தொடர்ந்து வரும். அந்த ஒரு ஆவர்த்தனத்துக்குள் வரி வந்துவிடும். சென்ற வருடம் பெண்கள் வகுப்பில் படிக்கும் ஒரு அக்கா, வங்கியில் வேலை பார்ப்பவர், சரணத்தில் நின்றுவிட்டார். முந்தின வரியையே எடுத்தார், அதே வரி, ஆனால் இன்னும் இறக்கி, மெதுவாக. வயலின்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். மறுபடி வந்தபோது அடுத்த வரி அவருக்கு வந்துவிட்டது. சபையில் இருந்தவர்கள் அந்த வரிக்குத்தான் தலையசைத்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் "ஆஹா" என்றே சொன்னார்.

இன்று பெரிய மேடைகளிலும் ஐபேட் வைத்துப் பாடுகிறவர்கள் உண்டு. அபூர்வமான கிருதியை எடுக்கும்போதோ நீளமான விருத்தத்துக்கோ அது தேவைப்படலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கற்றுக்கொள்கிற காலத்தில் அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாட்டு நெஞ்சுக்கு இறங்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேட்பதற்கும் பாடம் உண்டு. மாதத்தில் ஒரு வகுப்பு முழுக்கக் கேட்பதற்கு மட்டுமே. வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தா, முக்தா சகோதரிகள் பாடிய பதங்களைத்தான் (மெதுவான நடையில் வரும் காதல் பாட்டுகளைத்தான்) டீச்சர் அதிகம் போடுவார். அந்தக் குடும்பத்தில் பதங்கள் வாயிலிருந்து காதுக்கு வந்தவை. கூடவே பாடக் கூடாது, குறிப்பெடுக்கக் கூடாது. முடிந்த பிறகு, எந்த இடத்தில் குரலைக் குறைத்தார்கள் என்று கேட்பார். முதலில் எனக்கு அந்த விளம்ப காலம் பிடிபடவில்லை. இப்போது அந்த வகுப்புக்கு நான் லீவு போடுவதே இல்லை.

என் பாட்டுக் கதையைச் சொல்வதாகச் சொன்னேன். எங்கள் சபையில் லெந்து (தவக்) காலத்தில் பாடும் ஒரு பழைய கீர்த்தனையை நான் பாடிக் காட்டினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு அதே கேள்விதான்: யார் யாரிடம் சொல்கிறார்? சிலுவையைப் பார்த்து நிற்கிற ஒருவர், சிலுவையில் இருப்பவரிடம், என்றேன். "எவ்வளவு தூரத்துல நிக்கிறார்? கூப்பிட்டுச் சொல்லணுமா, பக்கத்துல நின்னு சொல்றாரா?" எங்கள் குழுவில் அதை எப்போதும் உரக்கத்தான் பாடுவோம். பக்கத்தில் நிற்பவர் சொல்வதுபோல் பாடிப் பார்த்தேன். ராகத்தை அவர் இரண்டு இடத்தில் திருத்தினார், வார்த்தையில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை நான் அதைப் புத்தகம் இல்லாமல் சபையாரைப் பார்த்துப் பாடினேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, இந்தப் பாட்டுக்கு இப்படி ஒரு வரி இருக்கிறது என்று இன்றைக்குத்தான் கேட்டேன் என்றார். அறுபது வருடமாக அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பவர் அவர்.

குறைகளையும் எழுத வேண்டும். வேகம் மிகவும் குறைவு. ஒரு கீர்த்தனைக்கு இரண்டு மாதம் ஆகும், சில சமயம் மூன்று. அடிப்படையே தெரியாதவர்கள் சரளி வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஏறி வர வருடங்கள் ஆகும், அதைக் குறுக்க மாட்டார். வகுப்பில் ரெக்கார்டு பண்ண விடமாட்டார். பாடம் மனதில் நின்ற பிறகு கேட்டால் முழுப் பாட்டையும் ஒரு தடவை பாடித் தருவார், அதைப் பதிவு செய்துகொள்ளலாம். வெளியூர் வேலைக்காரர்களுக்கு இது கஷ்டம். ஆன்லைன் வகுப்பு கிடையாது. கற்பனை சுரம் (பாடும்போதே சுரம் கட்டிப் பாடுவது) அதிகம் எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், நிரவல் வரைதான் வருகிறார்.

ஆண்களுக்கு ஒரு விஷயம் முதலில் சிரமமாக இருக்கும். நமக்குச் சுருதி, அதாவது பாடுவதற்கான ஆதார உயரம், ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. டீச்சருக்கு ஐந்து. மேல் ஸ்தாயி வரும் இடங்களில் பெட்டியை ஐந்து கட்டைக்கு மாற்றி அவர் பாடிக் காட்டிவிட்டு, ஒன்றுக்கு இறக்கி நம்மைப் பாடச் சொல்வார். குரலை அப்படியே நகல் எடுக்க முடியாது, சுரத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவைத்தான் பிடிக்க வேண்டும். போகப் போக இது ஒரு லாபமாகவே ஆகிவிட்டது. எந்தச் சுருதியில் கேட்டாலும் இப்போது பிடி அடையாளம் தெரிகிறது. இதனால்தான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நாள். கூட்டம் ஒரு நாளுக்கு ஐந்து பேருக்குமேல் போகாது.

நடைமுறை விவரங்கள்: வாரம் இரண்டு வகுப்பு, மாலை ஆறரை மணி, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குமேல்தான் போகும். மாதக் கட்டணம் 1,200 ரூபாய். படிப்பவர்களுக்கு, அதாவது கல்லூரிப் பிள்ளைகளுக்கு, பாதி. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், வயதானவர்கள் யாரையாவது துணைக்குக் கூட்டி வருவது நல்லது. கரண்ட் போனால் வகுப்பு நிற்காது. டீச்சர் மூலையில் சாய்த்து வைத்திருக்கும் தம்பூராவை எடுத்துவிடுவார். நான் அங்கே மீட்டவும் கற்றுக்கொண்டேன்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நாலு தந்தி. தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூலை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் நாதம் விரிந்து அறை முழுக்க நிரம்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பெட்டி நல்ல வசதிதான். அந்த நாலு தந்தியோடு பாடும்போது குரல் தானாகப் பணிந்து போகிறது.

பொன்மலையிலிருந்து வருகிறவர்கள் ஜங்ஷன் வந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தால் ஸ்ரீரங்கத்தில் இறங்கி நடக்கிற தூரம். பைக்கில் வந்தால் மாலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காவிரிப் பாலம் தாண்டும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். வீட்டு வாசலில் வண்டி விட இடம் இல்லை, அடுத்த சந்தில் விடலாம். வைகுண்ட ஏகாதசி நாட்களிலும் சித்திரைத் தேரின்போதும் வீதிக்குள் நுழையவே முடியாது, வகுப்பும் இருக்காது. அதற்குப் பதில் வகுப்பு பிறகு வைப்பார், இதில் சொன்ன சொல் தவறியதில்லை.

புதிதாகச் சேர்ப்பது விஜயதசமி அன்று மட்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மாலை நேரத்தில் நேரில் போய்ப் பேசிவிடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மதம், சாதி, வயது எதுவும் கேட்க மாட்டார். பாடிக் காட்டச் சொல்வார், தெரிந்த பாட்டு எதுவானாலும் சரி. சினிமாப் பாட்டு பாடிச் சேர்ந்தவர்களும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள்.